நீண்ட முன்னொட்டின் தீர்ப்பு



இன்றைய என் பேச்சின் பொருள் ஒரே ஒரு விதி. அதை ஒரு வரியில் சொல்லிவிடலாம்: ஒரு முகவரிக்குப் பல முன்னொட்டுகள் பொருந்தினால், அவற்றுள் மிக நீளமானதே வெல்லும். இதைக் கல்லூரியில் எல்லோரும் படிக்கிறோம். தேர்வில் இரண்டு மதிப்பெண் கேள்விக்கு எழுதுகிறோம். பிறகு மறந்துவிடுகிறோம். ஆனால் இணையத்தில் ஓடும் பாக்கெட்டுகள் பெரும்பாலும் இந்த ஒரு வரியின் தீர்ப்புக்குக் கட்டுப்பட்டுத்தான் நகர்கின்றன. இந்த விதி எதற்காகப் பிறந்தது? ரூட்டர் இதை எப்படி நிறைவேற்றுகிறது? இந்த விதி எதைப் பார்க்கும், எதைப் பார்க்காது? இந்த மூன்று கேள்விகளையும் இன்று உங்களோடு சேர்ந்து ஆராய விரும்புகிறேன்.

முதலில் சிக்கல் என்ன என்று பார்ப்போம். ஒரு ரூட்டருக்கு ஒரு பாக்கெட் வருகிறது. போய்ச் சேர வேண்டிய முகவரி அதன் தலைப்பில் இருக்கிறது. ஐபி பதிப்பு 4-இல் முகவரி என்பது 32 பிட். மொத்தம் சுமார் 429 கோடி முகவரிகள். ஒவ்வொன்றுக்கும் தனித்தனியே வழி எழுதி வைக்க எந்த ரூட்டராலும் முடியாது. அதனால் கூட்டமாகச் சேர்த்து எழுதுகிறோம். ‘முதல் 22 பிட் இப்படி இருந்தால் இந்த வழியில் அனுப்பு’ என்கிறோம். அந்த முதல் பகுதிதான் முன்னொட்டு. பிட்டுகளின் எண்ணிக்கையைச் சாய்கோட்டுக்குப் பின்னால் /22, /24 என்று எழுதுகிறோம். எண் கூடக் கூட முன்னொட்டு நீளும். அதற்குள் அடங்கும் முகவரிகள் குறையும். /22-க்குள் 1,024 முகவரிகள். /24-க்குள் 256. /32 என்றால் ஒரே ஒரு முகவரி. /0 என்றால் எல்லா முகவரிகளும்.

இந்தக் கணக்கு நமக்குப் புதியதல்ல. 1972 ஆகஸ்ட் 15 முதல் நாம் பயன்படுத்தும் பின்கோடு இப்படித்தான் அமைந்திருக்கிறது. 673 என்று தொடங்கினால் கடிதம் கேரளத்தின் கோழிக்கோட்டுப் பக்கம் போகும். ஆனால் 673310 என்று முழுதாகப் படித்தால் அது மாஹே. மாஹே கேரளம் அல்ல, புதுச்சேரி ஒன்றியப் பகுதி. மாநிலவாரியாக முகவரிகளைப் பிரிக்கச் சொன்னால் என்ன செய்வோம்? ‘673 என்றால் கேரளம்’ என்று ஒரு வரி எழுதுவோம். ‘673310 என்றால் புதுச்சேரி’ என்று இன்னொரு வரி எழுதுவோம். 673310 என்ற முகவரிக்கு இரண்டு வரியுமே பொருந்தும். எதை எடுப்போம்? நீளமானதைத்தான் எடுப்போம். அது அதிகம் தெரிந்து சொல்கிறது. பொது விதியும் அதற்குள் ஒரு விலக்கும் ஒரே பட்டியலில் சண்டையின்றி இருக்க இதுவே வழி.

இணையம் இந்த ஏற்பாட்டுக்கு எப்படி வந்தது? தொடக்கத்தில் இப்படி இல்லை. முகவரிகளை ஏ, பி, சி என்று வகுப்பு பிரித்துக் கொடுத்தார்கள். ஏ வகுப்பு வாங்கினால் 1.67 கோடி முகவரிகள். பி வகுப்பு என்றால் 65,536. சி வகுப்பு என்றால் 256. நடுத்தர அளவுள்ள ஒரு பல்கலைக்கழகம் எதை வாங்கும்? 256 போதாது. ஆகவே 65,536-ஐ வாங்கும். பெரும்பகுதியைப் பயன்படுத்தாமலே வைத்திருக்கும். பி வகுப்பு வேகமாகத் தீர்ந்துகொண்டு வந்தது. சரி, அதற்குப் பதிலாகப் பல சி வகுப்புகளைக் கொடுக்கலாம் என்றால், ரூட்டர்களின் அட்டவணை வீங்கும். ஒரு பக்கம் முகவரிப் பஞ்சம். மறுபக்கம் அட்டவணைப் பெருக்கம். இரண்டுக்கும் நடுவில் இணையம் மாட்டிக்கொண்டது.

1993 செப்டம்பரில் ஆர்எஃப்சி 1519 என்ற ஆவணம் வெளிவந்தது. எழுதியவர்கள் வின்ஸ் ஃபுல்லர், டோனி லீ, ஜெஸிகா யூ, கண்ணன் வரதன். வகுப்புகளை ஒழித்துவிட்டு, முன்னொட்டு எந்த நீளத்திலும் இருக்கலாம் என்று அவர்கள் வகுத்தார்கள். சைடர் என்று நாம் அழைக்கும் முறை அதுதான். ஒரு சேவை நிறுவனம் பெரிய தொகுதியை வாங்கும். வாடிக்கையாளர்களுக்குப் பங்கிட்டுக் கொடுக்கும். உலகத்துக்கு மட்டும் ஒரே ஒரு வரியாகச் சுருக்கி அறிவிக்கும். ஆயிரம் வாடிக்கையாளர்கள் இருந்தாலும் வெளியே ஒரே வரி!

ஆனால் வாழ்க்கை அவ்வளவு ஒழுங்காக இருக்குமா? ஒரு வாடிக்கையாளர் அந்த நிறுவனத்தை விட்டு வேறொரு நிறுவனத்துக்கு மாறுகிறார். முகவரிகளைக் கையோடு கொண்டுபோகிறார். இன்னொருவர், ஒரு வழி அறுந்தால் மறு வழி இருக்கட்டும் என்று இரண்டு நிறுவனங்களிடம் இணைப்பு வாங்குகிறார். இப்போது பெரிய தொகுதியின் வரி ஒரு திசையைக் காட்டுகிறது. அதற்குள் இருக்கும் சிறு துண்டின் வரி வேறு திசையைக் காட்டுகிறது. முன்னொட்டுகள் ஒன்றன்மேல் ஒன்று படிகின்றன. இதைப் பிழை என்று அந்த நால்வரும் நினைக்கவில்லை. இதை வேண்டித்தான் வடிவமைத்தார்கள்.

அதற்காக அந்த ஆவணத்தில் இரண்டு விதிகளை எழுதினார்கள். கவனியுங்கள், இரண்டு விதிகள். முதல் விதி: பொருந்துவனவற்றுள் நீளமானதைப் பின்பற்று. இரண்டாம் விதி: பல வழிகளைச் சுருக்கி ஒரே வரியாக அறிவிக்கிறவர், அந்த வரிக்குள் அடங்கியும் உள்ளே எந்த வழியும் இல்லாத பாக்கெட்டைக் கீழே போட்டுவிட வேண்டும். முதல் விதி உலகப் புகழ் பெற்றது. இரண்டாம் விதி பாதி மறந்துபோனது. அந்த மறதியின் விலையைச் சற்று நேரத்தில் பார்ப்போம்.

இன்று ஐபி பதிப்பு 4-க்கு மட்டும் உலக அட்டவணையில் சுமார் 10 லட்சம் முன்னொட்டுகள் இருக்கின்றன. அவற்றில் ஏறத்தாழப் பாதி, வேறொரு பெரிய முன்னொட்டின் வயிற்றுக்குள் இருப்பவை. பத்து லட்சம் வரிகள். அதில் பாதி இன்னொன்றோடு மோதுகிறது. அப்படியானால் குழப்பம் அல்லவா வர வேண்டும்? ஏன் வரவில்லை?

இங்கேதான் முன்னொட்டின் அழகு இருக்கிறது. இரண்டு முன்னொட்டுகளை எடுத்துக்கொள்ளுங்கள். குட்டையானது நெட்டையானதன் தொடக்கமாக இருக்கும். அல்லது ஏதோ ஒரு பிட்டில் இரண்டும் வேறுபடும். மூன்றாவது நிலை கிடையாது. தொடக்கமாக இருந்தால் ஒன்றுக்குள் ஒன்று முழுதாக அடங்கும். வேறுபட்டால் இரண்டுக்கும் பொதுவான முகவரி ஒன்றுகூட இராது. பாதி உள்ளே, பாதி வெளியே என்று இரண்டு முன்னொட்டுகள் வெட்டிக்கொள்ளவே முடியாது. ஆகவே, ஒரு முகவரிக்குப் பத்து முன்னொட்டுகள் பொருந்தினாலும் அந்தப் பத்தும் ஒன்றுக்குள் ஒன்றாக வரிசையில் நிற்கும். ஒரே நீளத்தில் இரண்டு வேறு முன்னொட்டுகள் அந்த வரிசையில் இருக்கவே முடியாது. எனவே ‘எது மிக நீளம்?’ என்ற கேள்விக்கு எப்போதும் ஒரே ஒரு விடைதான். விதி அந்தக் கணித அமைப்பின் மேல் எழுந்து நிற்கிறது. யாரும் தம் விருப்பத்துக்கு எழுதி வைத்ததல்ல.

ஒரு மெய்யான எடுத்துக்காட்டைக் கையில் எடுப்போம். இந்த எண்களை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் இவை வரலாறாக மாறும். அட்டவணையில் இரண்டு வரிகள். ஒன்று 208.65.152.0/22. மற்றொன்று 208.65.153.0/24. முதல் 16 பிட், அதாவது 208.65, இரண்டுக்கும் பொது. வேறுபாடு மூன்றாம் எண்ணில். 152-ஐ இரும எண்ணில் எழுதினால் 10011000. /22 என்பதால் அதில் முதல் ஆறு பிட்தான் கணக்கு: 100110. 153-ஐ எழுதினால் 10011001. /24 என்பதால் எட்டு பிட்டும் கணக்கு. இப்போது 208.65.153.238 என்ற முகவரி வருகிறது. அதன் மூன்றாம் எண் 10011001. முதல் ஆறும் பொருந்துகிறது, எட்டும் பொருந்துகிறது. /24 வெல்கிறது. அடுத்து 208.65.154.9 வருகிறது. 154 என்பது 10011010. முதல் ஆறு பொருந்துகிறது. ஏழாவது பிட்டிலேயே /24 விலகிவிடுகிறது. ஆகவே /22.

மனிதக் கண் இதைப் பார்த்துச் சொல்லிவிடும். ரூட்டர் எப்படிச் சொல்லும்? பத்து லட்சம் வரிகளையும் ஒவ்வொன்றாகப் படிக்குமா? அதற்கு எவ்வளவு நேரம் இருக்கிறது தெரியுமா? 10 கிகாபிட் ஈதர்நெட் இணைப்பில் மிகச் சிறிய பாக்கெட்டுகள் இடைவிடாமல் வந்தால், நொடிக்கு 1.488 கோடி பாக்கெட்டுகள். ஒரு பாக்கெட்டுக்குக் கிடைப்பது 67.2 நானோநொடி. 100 கிகாபிட் என்றால் அது 6.72 நானோநொடியாகச் சுருங்கும். கணினியின் முதன்மை நினைவகத்தை ஒருமுறை தொட்டு வருவதற்கே அதைவிட அதிக நேரம் ஆகும். இந்த நெருக்கடிதான் அறிஞர்களின் மூளையைக் கூர்மையாக்கியது.

முதல் வழி, ட்ரை என்னும் மரம். ஒவ்வொரு பிட்டுக்கும் ஒரு படி. 0 என்றால் இடப்பக்கம், 1 என்றால் வலப்பக்கம். எந்த இடத்தில் ஒரு முன்னொட்டு முடிகிறதோ அந்தக் கணுவில் வழியை எழுதி வைக்கிறோம். முகவரியின் பிட்டுகளைப் பிடித்துக்கொண்டு இறங்குகிறோம். வழியில் ஒரு முன்னொட்டைக் கண்டால் நின்றுவிடக் கூடாது. அதை நினைவில் வைத்துக்கொண்டு மேலும் இறங்க வேண்டும். இன்னொன்று கண்ணில் பட்டால் பழையதை மறந்து புதியதை வைத்துக்கொள்ள வேண்டும். இனி இறங்க வழியில்லை என்றதும் கடைசியாக நினைவில் நிற்பதே விடை. 208.65.154.9 இப்படித்தான் 22-ஆம் படியில் ஒரு விடையை எடுத்துக்கொண்டு, 23-ஆம் பிட்டில் கிளை இல்லாமல் நின்று, கையில் இருந்த /22-ஐக் கொடுக்கிறது. ஒற்றைக் கிளையாக நீளும் படிகளைச் சுருக்கும் பாட்ரிஷியா முறையை 1968-இல் டொனால்ட் மாரிசன் வெளியிட்டார். பிஎஸ்டி யூனிக்ஸின் ரூட்டிங் அட்டவணைக்கு அந்த வகை மரத்தைக் கொண்டுவந்தவர் கீத் ஸ்க்ளோவர்.

மரத்தில் படிகள் அதிகம். படிகளைக் குறைக்க முடியாதா? 1997-இல் ஒரு அருமையான சிந்தனை வந்தது. மார்செல் வால்ட்ஃபோகல், ஜார்ஜ் வர்கீஸ், ஜான் டர்னர், பெர்ன்ஹார்ட் பிளாட்னர் ஆகியோர் கேட்டார்கள்: பிட்டுகளின்மேல் ஏன் நடக்க வேண்டும்? நீளங்களின்மேல் இருகூறாகத் தேடினால் என்ன? ஒவ்வொரு நீளத்துக்கும் ஒரு ஹாஷ் அட்டவணை. முதலில் 16-இல் தேடு. கிடைத்தால் 24-க்குப் போ. கிடைக்காவிட்டால் 8-க்குப் போ. 32 நீளங்களுக்கு ஐந்தே தேடல்கள். ஐபி பதிப்பு 6-இன் 128 பிட்டுக்கும் ஏழே தேடல்கள்!

ஆனால் இதில் ஒரு படுகுழி இருக்கிறது. மாணவர்கள் இதைக் கூர்ந்து கேட்க வேண்டும். 208.65.154.16/28 என்று ஒரு முன்னொட்டு இருப்பதாக வைத்துக்கொள்வோம். தேடல் அதுவரை போய்ச் சேர, வழியில் உள்ள 16-ஆம், 24-ஆம் நீளங்களில் வழிகாட்டிக் குறிகளை வைக்கிறோம்; 24-இல் நிற்கும் குறி 208.65.154.0/24. அது உண்மையான வழியல்ல. ‘இன்னும் நீளமாகத் தேடு’ என்று சொல்லும் குறி மட்டுமே. இப்போது 208.65.154.9 வருகிறது. 16-இல் குறி இருக்கிறது, 24-க்குப் போகிறோம். அங்கும் குறி இருக்கிறது, 28-க்குப் போகிறோம். அங்கே இல்லை, ஏனென்றால் அந்த /28 தொடங்குவதே 16-ஆம் முகவரியில். 26-இல் இல்லை. 25-இல் இல்லை. தேடல் முடிந்துவிட்டது. உண்மையான விடை எங்கே? /22-இல். அதை நாம் 24-இல் குறியைக் கண்ட கணத்திலேயே கைவிட்டுவிட்டோம்! திரும்பிப் போய்த் தேடினால் வேகம் போயிற்று. அவர்கள் கண்ட தீர்வு எளியது, ஆழமானது. குறியை வைக்கும்போதே, அந்தக் குறி நிற்கும் இடத்துக்குப் பொருந்தும் மிக நீளமான உண்மை முன்னொட்டு எது என்று கணக்கிட்டு, குறியின்மேலேயே எழுதிவிடு. அப்போது 24-ஆம் நீளத்தின் குறி /22-இன் வழியைச் சுமந்துகொண்டு நிற்கும். மேலே தேடித் தோற்றாலும் கையில் விடை இருக்கும்.

மூன்றாவது வழி, முழுக்க முழுக்க எழுதும்போதே உழைத்துவிடுவது. பங்கஜ் குப்தா, ஸ்டீவன் லின், நிக் மெக்கியோன் ஆகியோர் 1998-இல் முன்வைத்த முறை இது. முகவரியின் முதல் 24 பிட்டுக்கு ஒரு மாபெரும் அட்டவணை, 1,67,77,216 கட்டங்கள். /22 வந்தால் 152, 153, 154, 155 என்ற நான்கு கட்டங்களிலும் அதன் வழியை எழுது. பிறகு 153-க்கான /24 வந்தால் அந்த ஒரு கட்டத்தை அழித்து எழுது. பாக்கெட் வரும்போது பெரும்பாலும் ஒரே ஒரு பார்வை போதும். 24-ஐவிட நீளமானவற்றுக்கு மட்டும் இரண்டாவது பார்வை. படிக்கும்போது மோதல் என்பதே இல்லை. ஆனால் நாளை அந்த /24 விலக்கிக்கொள்ளப்பட்டால்? 153-ஆம் கட்டத்தை வெறுமையாக விட்டுவிடலாமா? கூடாது. அதை மூடி நின்ற /22-இன் வழியை மீண்டும் அங்கே எழுத வேண்டும். ஆகவே எந்தக் கட்டத்தை எந்த நீளத்து முன்னொட்டு நிரப்பியது என்ற கணக்கை யாரோ ஒருவர் பத்திரமாக வைத்திருக்க வேண்டும்.

பெரிய ரூட்டர்களில் டிகேம் என்ற சிறப்பு நினைவகமும் உண்டு. ஒவ்வொரு பிட்டும் 0, 1, ‘எதுவானாலும் சரி’ என்று மூன்று நிலைகள் கொண்டது. எல்லா வரிகளும் ஒரே நேரத்தில் முகவரியோடு ஒப்பிடப்படும். பொருந்தியவற்றுள் மேலே நிற்கும் வரி வெல்லும். ஆகவே நீளமானவற்றை மேலே அடுக்கி வைக்கிறார்கள். வேகம் அபாரம், விலையும் மின்செலவும் அதிகம், இடமும் குறைவு. 2014 ஆகஸ்ட் 12 அன்று உலக அட்டவணை, பல பழைய ரூட்டர்களின் இயல்பான எல்லையைத் தொட்டுக் கடந்தது. வெரைசான் நிறுவனத்திலிருந்து ஏறத்தாழ 15,000 துண்டு முன்னொட்டுகள் திடீரென்று வெளியே கசிந்ததே அதற்குக் காரணம். துண்டாக்கியது ஒருவர், இடம் போனது எல்லோருக்கும்.

நான்கு முறைகளையும் சேர்த்துப் பாருங்கள். மரத்தில் இறங்கும்போது முந்தைய விடையை மறக்காதே. குறியை வைக்கும்போது அதை மூடி நிற்பதை எழுதி வை. கட்டத்தை அழிக்கும்போது கீழே இருந்ததைத் திரும்ப வை. வரிகளை அடுக்கும்போது வரிசையைக் காப்பாற்று. நீளமானது வெல்கிறது, உண்மைதான். ஆனால் குட்டையானது தோற்றுப் போவதில்லை. அது காத்து நிற்கிறது. நீளமானது இல்லாத இடத்திலும், நீளமானது விலகிய நொடியிலும் அதுதான் பொறுப்பை ஏற்கிறது.

இப்போது மறந்துபோன இரண்டாம் விதிக்கு வருவோம். ஒரு நிறுவனம் 198.51.100.0/24 என்ற தொகுதியை வைத்திருக்கிறது. இது எடுத்துக்காட்டுகளுக்கென்றே ஒதுக்கப்பட்ட முகவரி. அதை நான்கு /26 துண்டுகளாகப் பிரித்து, மூன்றை மட்டும் பயன்படுத்துகிறது. கடைசித் துண்டு காலி. மற்ற எல்லாவற்றுக்கும் ‘சேவை நிறுவனத்திடம் அனுப்பு’ என்று இயல்பு வழி, அதாவது /0 எழுதப்பட்டிருக்கிறது. வெளியிலிருந்து 198.51.100.200-க்கு ஒரு பாக்கெட் வருகிறது. சேவை நிறுவனத்தின் ரூட்டர் /24-ஐப் பார்த்து உள்ளே அனுப்புகிறது. உள்ளே இருக்கும் ரூட்டருக்கு அந்தத் துண்டு தெரியாது; /0-ஐப் பார்த்து வெளியே அனுப்புகிறது. வெளியே இருப்பது உள்ளே அனுப்புகிறது. உள்ளே இருப்பது வெளியே அனுப்புகிறது. பாக்கெட்டின் ஆயுள் எண் பூஜ்யம் ஆகும்வரை இந்தச் சுற்று நிற்காது. ஒரே பாக்கெட் அதே இணைப்பில் பலமுறை போய் வந்து அதை அடைத்துக்கொள்கிறது. கெட்ட நோக்கம் உடைய ஒருவர் காலி முகவரிகளுக்கு வெள்ளமாக அனுப்பினால் என்ன ஆகும்?

தீர்வு ஒரே ஒரு வரி. ‘198.51.100.0/24 என்றால் கீழே போட்டுவிடு’ என்று உள்ளே இருக்கும் ரூட்டரில் எழுத வேண்டும். நல்-ஜீரோ வழி என்று பொறியாளர்கள் சொல்வது இதைத்தான். பயன்பாட்டில் உள்ள மூன்று துண்டுகளுக்கும் /26 இருக்கிறது. அவை இந்த /24-ஐ வென்றுவிடும். காலித் துண்டுக்கு இந்த /24 இருக்கிறது. அது /0-ஐ வென்றுவிடும். அதே நீள விதிதான். அதே விதியே நோயைத் தீர்க்கிறது. பெரிய தொகுதிக்கு நான் பொறுப்பு என்று உலகத்துக்கு அறிவித்தவர், அதில் உள்ள ஓட்டைகளுக்கும் பொறுப்பேற்க வேண்டும் என்பதே இதன் சாரம்.

இனி மூன்றாம் கேள்வி. இந்த விதி எதைப் பார்க்காது? நண்பர்களே, இந்த விதி நீளத்தைப் பார்க்கும், உண்மையைப் பார்க்காது. யார் நுணுக்கமாகச் சொல்கிறாரோ அவர் பக்கம் சாயும். அவர் சொல்வதற்கு உரிமை உடையவரா என்று கேட்காது.

2008 பிப்ரவரி 24. நினைவில் வைத்துக்கொள்ளச் சொன்ன எண்களை இப்போது வெளியே எடுங்கள். யூடியூப் அன்று 208.65.152.0/22 என்று அறிவித்துக்கொண்டிருந்தது. பாகிஸ்தானில் யூடியூபைத் தடை செய்ய அரசு உத்தரவு பிறந்தது. பாகிஸ்தான் டெலிகாம் தன் நாட்டுக்குள் அந்தப் போக்குவரத்தை வெற்றிடத்துக்குத் திருப்ப 208.65.153.0/24 என்று எழுதியது. அது நாட்டுக்குள் நிற்கவில்லை. சர்வதேச நேரம் 18:47-க்கு அந்த அறிவிப்பு பிசிசிடபிள்யூ என்ற நிறுவனத்தின் வழியாக உலகத்துக்குக் கசிந்தது. உலகெங்கும் ரூட்டர்கள் என்ன செய்தன? தங்கள் கடமையைச் செய்தன. /22-ஐப் பார்த்தன, /24-ஐப் பார்த்தன, நீளமானதைப் பின்பற்றின. உலகத்தின் யூடியூப் போக்குவரத்து பாகிஸ்தானை நோக்கித் திரும்பியது.

யூடியூப் எப்படிப் போராடியது பாருங்கள். 20:07-க்கு அதே 208.65.153.0/24-ஐத் தானும் அறிவித்தது. இப்போது இரண்டும் ஒரே நீளம். நீளம் தீர்ப்புச் சொல்ல முடியாத இடத்தில், நெட்வொர்க்குகள் தமக்குள் வழிகளை அறிவித்துக்கொள்ளும் பிஜிபி நெறிமுறையின் மற்ற அளவுகோல்கள், பாதை எவ்வளவு குறுகியது என்பது போன்றவை முடிவு செய்யும். ஒரு பகுதி உலகம் திரும்பியது. மறு பகுதி திரும்பவில்லை. 20:18-க்கு யூடியூப் அந்த /24-ஐயும் பிளந்தது. 208.65.153.0/25, 208.65.153.128/25 என்று இரண்டு துண்டுகளை அறிவித்தது. அவற்றை ஏற்றுக்கொண்ட ரூட்டர்களில் /25 வென்றது. 21:01-க்கு பிசிசிடபிள்யூ அந்தத் தவறான வழியை விலக்கியது. இரண்டே கால் மணி நேரம். நீளத்தை நீளத்தால் வெல்லும் போர் அது. ஆனால் அந்தப் போரை எவ்வளவு தூரம் நடத்த முடியும்? /24-ஐவிட நீளமானதைப் பல நிறுவனங்கள் வடிகட்டிவிடுகின்றன. நாமே /24 அறிவிக்கிறோம் என்றால், அதே /24-ஐ இன்னொருவர் அறிவிக்கும்போது அதற்குமேல் பிளக்க நமக்கு இடமில்லை.

2019 ஜூன் 24 அன்று இன்னொரு பாடம். அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் ஒரு சிறிய சேவை நிறுவனம், போக்குவரத்தைச் சீராக்கும் மென்பொருளைப் பயன்படுத்தியது. அந்த மென்பொருள் பிறருடைய முன்னொட்டுகளை உள்ளுக்குள் பிளந்து வைக்கும். கிளவுட்ஃபிளேரின் 104.20.0.0/20 அங்கே இரண்டு /21-களாகப் பிளக்கப்பட்டது. அந்தத் துண்டுகள் ஒரு வாடிக்கையாளர் வழியாகக் கசிந்து வெரைசானை அடைந்தன. வெரைசான் வடிகட்டாமல் ஏற்று உலகத்துக்குப் பரப்பியது. ஒரு சிறு நிறுவனத்தின் மெல்லிய இணைப்பை நோக்கி மாபெரும் போக்குவரத்து பாய்ந்தது. பிளந்தவர்களுக்கு யாரையும் கெடுக்கும் எண்ணம் இல்லை. நீள விதிக்கு எண்ணம் தெரியாது.

அப்படியானால் இந்த விதியைத் தூக்கி எறிந்துவிடலாமா? கூடாது. அது இல்லாவிட்டால் சுருக்கமும் இல்லை, விலக்கும் இல்லை. இணையம் இந்த அளவுக்கு வளர்ந்தே இராது. விதிக்கு வெளியே, விதிக்கு முன்னால், ஒரு சரிபார்ப்பு வேண்டும். அதுதான் ஆர்பிகேஐ. முகவரித் தொகுதியின் உரிமையாளர் கையொப்பமிட்ட ஒரு பதிவை வெளியிடுகிறார்: இந்த முன்னொட்டை இந்த எண்ணுள்ள நெட்வொர்க் அறிவிக்கலாம், இத்தனை பிட் வரை நீட்டலாம். கிளவுட்ஃபிளேர் அந்த /20-க்கு அப்படியொரு பதிவை 2019-லேயே வைத்திருந்தது. உச்ச நீளம் 20 என்று. அதைச் சரிபார்த்த நெட்வொர்க்குகளின் அட்டவணைக்குள் அந்த /21-கள் நுழையவில்லை. நுழையாத முன்னொட்டு எவ்வளவு நீளமாக இருந்தால் என்ன, வெல்ல முடியாது.

இந்தப் பதிவிலும் கவனம் தேவை. /22-ஐ மட்டும் அறிவிக்கும் ஒருவர், ‘எதற்கும் இருக்கட்டும்’ என்று உச்ச நீளத்தை 24 என்று எழுதினால், தன் வீட்டுக் கதவைத் தானே திறந்துவைக்கிறார். ஏமாற்றுபவர் அவருடைய நெட்வொர்க் எண்ணையே பாதையின் முடிவில் பொய்யாகச் சேர்த்து ஒரு /24-ஐ அறிவிக்கலாம். பதிவு அதை ஏற்கும். நீள விதி அதை வெற்றியாளர் ஆக்கும். அறிவிக்கும் நீளம் எதுவோ, பதிவில் அனுமதிக்கும் நீளமும் அதுவே. இதை உறுதியாகப் பிடித்துக்கொள்ளுங்கள்.

மாணவச் செல்வங்களே, ரூட்டர் நிரல் எழுதப் போகும் உங்களுக்கு ஒரு வேண்டுகோள். நீளமானதைக் கண்டுபிடிக்கும் வேகத்தை மட்டும் சோதிக்காதீர்கள். நீளமானதை நீக்கிப் பாருங்கள். மூடி நிற்கும் குட்டையான முன்னொட்டு உடனே விடையாக வருகிறதா என்று சோதியுங்கள். சேர்ப்பதையும் நீக்குவதையும் மாறி மாறிச் செய்து, ஒவ்வொரு முறையும் எளிய நேர்வரிசைத் தேடலின் விடையோடு ஒப்பிடுங்கள். இந்தத் துறையின் பிழைகள் அதிகமாக ஒளிந்திருக்கும் இடம் அது.

பொறியாளர் நண்பர்களே, உங்களுக்கும் ஒரு வேண்டுகோள். அட்டவணையில் ஒரு வரி எழுதுமுன் மூன்று கேள்விகளைக் கேளுங்கள். இதை மூடி நிற்பது எது? இதற்குள் அடங்கியிருப்பது எது? இது விலகினால் போக்குவரத்து எங்கே போகும்? நாளைக் காலை அலுவலகம் போனதும், நீங்கள் சுருக்கி அறிவிக்கும் ஒவ்வொரு தொகுதிக்கும் கீழே போடும் வழி எழுதப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். உங்கள் முகவரிகளுக்கு ஆர்பிகேஐ பதிவு இருக்கிறதா, அதில் உச்ச நீளம் சரியா என்று பாருங்கள். வாடிக்கையாளரிடமிருந்து வரும் அறிவிப்புகளை வடிகட்டுகிறீர்களா என்று பாருங்கள். இவற்றுக்குப் பெரும் பணம் தேவையில்லை, அக்கறை போதும். எந்த முன்னொட்டு நீளம் என்பதை ரூட்டர் நானோநொடிகளில் சொல்லிவிடும். அந்த முன்னொட்டை எழுத யாருக்கு உரிமை என்பதை நாம் முன்கூட்டியே உறுதி செய்து வைத்தால்தான், அந்த வேகம் உலகத்துக்கு நன்மையாகும்.